ஆறிப்போன டீ

டீயைக் கையில் கொடுத்த பிறகுதான் அவர் ரெக்கார்டை வைப்பார். ஒரு பக்கம் ஓடி முடிவதற்குள் நீங்கள் டீயைக் குடித்துத் தீர்த்துவிட்டால் அந்த இசை உங்களுக்கானது இல்லை. கப்பை மறந்து, டீ ஆறி, மேலே ஆடை படிந்துவிட்டால் அது உங்களுடையது. அவருடைய பரிசோதனை அவ்வளவுதான். "புடிச்சிருக்கா?" என்று வாயால் யாரையும் கேட்டு நான் பார்த்ததில்லை.

"வாய் மரியாதைக்கு என்ன வேணா சொல்லும் மேன். கப்ப பாத்தா போதும்" என்பார்.

நான் அவர் வீட்டுக்குப் போனதே சண்டை போடத்தான். பெங்களூர் லிங்கராஜபுரத்தில் எங்கள் தெருவுக்குக் குடிவந்த புதிது. எதிர்வீட்டு மாடியிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆட்டோ ஹாரன் அழுவதுபோல ஒரு சத்தம் வந்துகொண்டே இருந்தது. என் மனைவி மல்லிகாவுக்குத் தலைவலி. "போய்க் கொஞ்சம் கம்மி பண்ணச் சொல்லுங்க" என்று அனுப்பினாள். போனவன் சாயங்காலம்தான் திரும்பினேன். அந்த ஹாரனுக்கு சாக்ஸபோன் என்று பெயர், அது ஜாஸ் என்பதெல்லாம் அன்றைக்குத்தான் தெரியும். அதுவரை எனக்கு இசை என்றால் பழைய சினிமாப் பாட்டு. அதுவும் குளிக்கும்போது நானே பாடுவது.

அந்த முதல் நாளில் நல்ல பிள்ளையாக டீயை மடமடவென்று குடித்துவிட்டேன். விருந்தாளி என்றால் அப்படித்தானே? அவர் என் காலிக் கப்பைப் பார்த்தார், ஊசியைத் தூக்கினார், வேறொன்றை எடுத்து வைத்தார். மறுபடியும் டீ வந்தது. அதையும் குடித்தேன். வயிறு டீயில் மிதந்தபோது ஒரு பியானோவும், நின்றுகொண்டே வாசிக்கிற அந்தப் பெரிய பாஸ் வாத்தியமும் ஒன்றோடொன்று மெதுவாகப் பேசிக்கொள்கிற ரெக்கார்டு ஒன்று ஓடியது. அது முடிந்ததும் அவர் குனிந்து என் கப்பைப் பார்த்தார். ஆடை. அவர் முகத்தில் வந்த சந்தோஷம் எனக்கு ஒரு நிமிஷம் கூச்சமாகவே இருந்தது. என்னைப் பற்றி எனக்குத் தெரியாத ஏதோ ஒன்றை அவர் தெரிந்துகொண்டார் போல.

அவருடைய அலமாரி சுவர் முழுக்க இருந்தது. பழைய விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை பார்த்த காலத்தில் பைலட்டுகளிடம் சொல்லி வரவழைத்தவை, அவென்யூ ரோட்டு நடைபாதையில் பொறுக்கியவை, வீட்டைக் காலி செய்துகொண்டு ஆஸ்திரேலியா போனவர்கள் விட்டுப்போனவை. அவற்றை வாசித்தவர் பெயர்ப்படி அவர் அடுக்கவில்லை. கேட்பவர்படி அடுக்கியிருந்தார். "இது டேவிட்டு வரிசை, இது டீச்சர் வரிசை, இது இனிமே உன்னுது." எங்கும் ஒரு சீட்டுகூட ஒட்டவில்லை. எல்லாம் மனசில்தான். ஒவ்வொரு ரெக்கார்டையும் யாரோ ஒருவரை நினைத்துத்தான் வாங்கினார். அவருக்கென்று ஒரு வரிசை கிடையாது.

இதைவிட வினோதம், அவர் தனியாகக் கேட்கமாட்டார். திங்கட்கிழமை ஒரு அபூர்வமான ரெக்கார்டு கையில் கிடைத்தாலும் ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் உறையைக்கூடப் பிரிக்கமாட்டார். "தனியா கேட்டா அது வெறும் சத்தம் மேன். கூட ஒரு ஆள் உக்காந்தாத்தான் பாட்டு." கேட்கும்போது அவர் உட்காரவும் மாட்டார். ஊசிப் பக்கம் நிற்பவன் கை ஈரமாக இருக்கக்கூடாது என்று அவர் மட்டும் கப்பைத் தொடாமல் பிளேயர் அருகிலேயே நின்றுகொண்டு எங்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

போனிலேயே எல்லாம் கிடைக்கிறதே என்று ஒருமுறை சொன்னேன். நான் எதைக் கேட்டேன் என்று பார்த்து, அடுத்து எனக்கு எது பிடிக்கும் என்று அதுவே எடுத்துக் கொடுக்கிறது என்று காட்டினேன். பாவம் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்.

"அது நேத்து புடிச்சத வெச்சு இன்னிக்கு குடுக்கும். நாளைக்கு நீ வேற ஆளா ஆயிட்டா?"

அப்போது அதைக் கேட்டுச் சிரித்தேன்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் என்பது டேவிட், ரோஸி டீச்சர், நான், எப்போதாவது மல்லிகா. டேவிட் இன்சூரன்ஸ் ஆபீசில் ரிட்டயர் ஆனவர். அவருக்கு டிரம்ஸ் வேண்டும், டிரம்பெட் வேண்டும். கேட்கும்போது பிரம்பு நாற்காலியின் கையில் தாளம் போட்டுப் போட்டு அதன் பின்னலையே அவிழ்த்துவிட்டார். ரோஸி டீச்சர் பள்ளிக்கூடத்தில் பாட்டு சொல்லிக்கொடுத்தவர், சர்ச் பாட்டுக் குழுவிலும் இருந்தவர். அவருக்கு ஒரு கூட்டமே சேர்ந்து வாசிக்க வேண்டும். டீச்சரும் ரெக்கார்டு வைக்கிற அவரும் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள் என்பதால் 'நீ, போ, வா' என்றுதான் பேசிக்கொள்வார்கள்.

மல்லிகாதான் அவருக்குத் தலைவலி. அவள் டீயைத் தொடமாட்டாள், வாசனையே ஆகாது. அவளுக்காகக் காபி போட்டுக் கொடுப்பார். என்ன ஓடினாலும் சூடு ஆறுவதற்குள் அதைக் குடித்துவிட்டு, "நல்லா இருக்கு அங்கிள்" என்பாள். அவர் கப்பைப் பார்த்துத் தலையை ஆட்டுவார். "மல்லிகாவுக்கு இன்னும் கெடைக்கல." அவள் வரிசை என்று அலமாரியில் ஓரிடம் விட்டு வைத்திருந்தார். அது காலியாகவே இருந்தது. "என்னால அங்கிளுக்கு சும்மா அலைச்சல்" என்று வீட்டுக்கு வந்து சிரிப்பாள்.

மார்கழிக் குளிரில் ஒரு நாள் டேவிட் போய்விட்டார். மாரடைப்பு. அடக்கம் முடிந்து அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மாடி ஏறியபோது பிரம்பு நாற்காலி அதே இடத்தில் இருந்தது. அதன் முன்னால் ஸ்டூலில் ஒரு கப் டீ ஆவி பறந்துகொண்டிருந்தது.

"இன்னா இது?" என்றார் ரோஸி டீச்சர்.

"டேவிட்டுக்கு."

"வெளயாடாத நீ."

அவர் விளையாடவில்லை. டேவிட் வரிசையிலிருந்து, டேவிட் உயிராக நினைத்த டிரம்பெட் ரெக்கார்டை எடுத்து வைத்தார். பிளேயர் பக்கத்திலேயே நின்றார். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் முடிந்தது. டேவிட் கப் காலியாக இருந்தது.

எங்கள் கப்புகள் எங்கள் கையில் இருந்தன. டீச்சர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"நீ குடிச்சியா?"

"நான் ஊசிகிட்ட நின்னுட்டிருந்தேன். நீ பாத்துட்டுதானே இருந்தே?" என்றார் அவர். அவருக்கு அதிர்ச்சியே இல்லை. விருந்தாளிக்குச் சமையல் பிடிக்காமல் போன வீட்டுக்காரர்போல வருத்தம்தான் இருந்தது. "டேவிட்டுக்கு இது இப்ப புடிக்கல" என்றார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில், டீச்சர்தான் அழுத அழுகையில் தன்னை மறந்து இரண்டு கப்பையும் குடித்திருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். டீச்சர் என்னைப் பற்றி அதையே நினைத்திருக்கக்கூடும்.

அதற்குப் பிறகு அவர் டேவிட்டுக்காக வாங்க ஆரம்பித்தார். டேவிட் உயிரோடு இருந்தபோதுகூட அவ்வளவு அலைந்ததில்லை. வாரா வாரம் புதிதாக ஒன்று, பிரம்பு நாற்காலிக்கு முன்னால் ஒரு கப். டிரம்ஸ் இருப்பதை ஒவ்வொன்றாகக் கழித்தார். பிறகு டிரம்பெட்டைக் கழித்தார். "மெதுவா இருக்கறதுதான் வேணும்ங்கறான்" என்றார், ஏதோ காலையில் போனில் பேசியதுபோல. கடைசியில் ஒரு ரெக்கார்டு வந்தது. டிரம்ஸே கிடையாது. ஒரே ஒரு சாக்ஸபோன், மூச்சு விடுகிற சத்தம்கூடக் கேட்கிற மாதிரி. ஒரு ஸ்வரத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் மேம்பாலத்தில் ஒரு பஸ் ஏறி இறங்கிவிடும். அவ்வளவு மெதுவு. அது முடிந்தபோது டேவிட் கப் நிறைய டீ இருந்தது. மேலே தடிமனாக ஆடை.

"கெடச்சிடுச்சு" என்று அவர் கண் கலங்கினார். நான் என் கப்பைக் கீழே வைத்துவிட்டு எழுந்துகொண்டேன்.

போகாமல் இருந்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். மல்லிகாவும் கேட்டாள். என்ன சொல்ல? அந்த மனிதர்மேல் எனக்கு அத்தனை பிரியம். என் டீ எதற்கு ஆறும் என்று தெரிந்த ஒரே ஆள் உலகத்தில் அவர்தான். நான் பெற்ற மகனுக்கு என் சட்டை அளவுகூடத் தெரியாது.

பிறகு ரோஸி டீச்சர் முறை வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் டீச்சருக்கென்று புது ரெக்கார்டு ஒன்றைப் பிரித்தார். கூட்டமாக வாசிப்பார்கள், கைதட்டலாம் என்று காத்திருந்தார் டீச்சர். ஆனால் அதில் ஒரு பியானோ மட்டும், மழை விட்ட பிறகு கூரையிலிருந்து சொட்டுவதுபோல, ஒன்று, பிறகு ஒன்று. டிரம்ஸ் இல்லை. எனக்கு டேவிட் ரெக்கார்டின் ஞாபகம் வந்தது. இது டீச்சருக்கு ஆகாது, இப்போது கப்பைக் காலி செய்துவிட்டு ஏதாவது திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். டீச்சர் அசையவே இல்லை. கப்பை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

"எனக்கு இது புடிக்கும்னு எனக்கே தெரியாதுப்பா" என்றார் கடைசியில். ஆடையை விரலால் எடுத்து ஓரமாகப் போட்டார்.

அந்த மாதமே டீச்சர் சந்தாபுராவில் மகன் வீட்டோடு இருக்கப் போனார். மழைக்காலம் முடிவதற்குள் செய்தி வந்தது. தூக்கத்திலேயே உயிர் போயிருந்தது.

இப்போது நாற்காலிகளில் இரண்டு காலி. இரண்டுக்கும் டீ. நானும் அவரும் மட்டும். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை மல்லிகா என்னோடு வந்திருந்தாள். அவர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். கையில் பிரிக்காத உறை.

"மல்லிகாவுக்கு கெடச்சிடுச்சு மேன்!"

"என்ன மாதிரி அங்கிள்?" என்று அவள் ஆசையாகக் கேட்டாள்.

"ரொம்ப மெதுவானது. டிரம்ஸ் கெடையாது."

எனக்குப் பயமாக இருந்தது. மல்லிகாவுக்கு ஏற்கெனவே ரத்த அழுத்தம். அவளை இழந்துவிட்டு நான் ஒரு காபி கப்பை வெறும் நாற்காலிக்கு முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது கண்முன்னே வந்தது. "ஐயோ, இன்னிக்கு முடியாது அங்கிள், ஆனேக்கல்ல ஒரு விசேஷம், பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று வாய்க்கு வந்ததை உளறி, அவள் கையைப் பிடித்துக் கீழே இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

"ஆனேக்கல்ல நமக்கு யாரு இருக்கா?" என்றாள் மல்லிகா தெருவில் நின்று. விஷயத்தைச் சொன்னதும், "ஒரு ரெக்கார்டா என்னைக் கொல்லப் போகுது? நீங்க ஒரு ஆளு!" என்று கேலி செய்தாள். ஆனாலும் அவளை நான் மறுபடி அங்கே கூட்டிப்போகவில்லை. நான் மட்டும் போனேன். ஒவ்வொரு வாரமும் அந்த உறை அவர் கையில் இருக்கும். "மல்லிகா வரல?" என்பார். "வேலை இருக்கு அங்கிள்" என்பேன். வற்புறுத்தமாட்டார். பிரிக்காமலேயே அதை மல்லிகாவின் காலி வரிசையில் கொண்டுபோய் வைப்பார்.

அவர் ஆஸ்பத்திரியில் படுத்தது கோடையில். வார்டில் மதிய வெயில் கட்டில்மேல் விழுந்துகொண்டிருந்தது. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ரொம்ப இளைத்திருந்தார்.

"அது ஒண்ணு மட்டும் கேக்காமயே போச்சு மேன்" என்றார். "யாராவது கூட உக்காந்திருந்தா கேட்டிருப்பேன்."

"வீட்டுக்கு வந்ததும் கேக்கலாம் அங்கிள்."

அவர் வீட்டுக்கு வரவில்லை.

வீட்டைக் காலி செய்ய வந்த அவருடைய தம்பி மகள் எங்களைக் கூப்பிட்டாள். "பெரியப்பா இதெல்லாம் உங்க வரிசைன்னு சொல்லிட்டே இருப்பாரு. எடுத்துக்கங்க அங்கிள். பிளேயரும் கொண்டு போங்க, எங்க வீட்ல எடம் இல்ல." என் வரிசையையும் பிளேயரையும் எடுத்துக்கொண்டேன். மல்லிகா வரிசையிலிருந்த அந்த ஒன்றை அங்கேயே விட்டுவிடத்தான் நினைத்தேன். அவள் விடவில்லை. "எனக்குன்னு வாங்கினது. நீங்க யாரு வேணாங்கறதுக்கு?" வீட்டுக்கு வந்ததும் அதை பீரோ மேல் பெட்டிக்கு அடியில் தள்ளி வைத்தேன். ஒரு மாதம் நிம்மதியாகப் போனது.

ஒரு சனிக்கிழமை காய்கறி வாங்கிக்கொண்டு திரும்புகிறேன், மாடிப்படியிலேயே கேட்டுவிட்டது. சாக்ஸபோன் இல்லை, பியானோ இல்லை. பாஸ் மட்டும். யாரோ ஒருவர் இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு நடந்து வருவதுபோல. பையை அங்கேயே போட்டுவிட்டு ஓடினேன். மல்லிகா சோபாவில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள்.

"மல்லிகா!"

கண்ணைத் திறந்தாள். "ஏன் கத்தறீங்க? இப்பதான் முடியப்போகுது."

ரெக்கார்டு சுற்றி நின்றது. அவள் என்னைப் பார்த்த பார்வையில் கேலி இல்லை. "இது எனக்கு வாங்கினது இல்லங்க" என்றாள்.

"எப்படித் தெரியும்?"

அவள் தன் காபி டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினாள். ஒரு சொட்டு விழவில்லை. எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. சாமிக்கு நேர்ந்துகொள்ளாததுதான் பாக்கி. அப்புறம்தான் எதிர் நாற்காலிக்கு முன்னால் ஸ்டூலில் இருந்த டீயைப் பார்த்தேன்.

"அங்கிள் வாங்கின பாட்டாச்சே, அவருக்கு ஒண்ணும் வெக்காம கேக்க ஒரு மாதிரி இருந்துச்சு. ஒரு டீ போட்டு வெச்சேன்" என்றாள். "பாருங்க."

ஆடை அவ்வளவு கெட்டியாக இருந்தது. கப்பைத் தொட்டபோது ஒரு சுருக்கம் மட்டும் அசைந்தது.

"அவர் முன்னாடி ஒரு நாளாவது யாராவது கப்பு வெச்சோமா? அவர் வரிசைன்னு ஒண்ணு இருந்துச்சா? தனக்குத்தான் வாங்கினோம்னு அவருக்கே தெரிஞ்சிருக்காது பாவம். என் எடம் காலியா இருந்துச்சு, அங்க வெச்சிட்டாரு."

அன்றைக்கு நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன். என் மனைவி எனக்கு மிச்சம். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. அந்த மனிதருக்காக அழவும் செய்தேன்.

ஆனால் மல்லிகா அதோடு விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆனால் மூன்று கப். எனக்கு டீ, அவளுக்குக் காபி, எதிர் நாற்காலிக்கு ஒரு டீ. "அவருக்கு இனிமேலாவது ஒரு வரிசை இருக்கட்டுமே" என்றாள். அவென்யூ ரோட்டுக்கு என்னை இழுத்துக்கொண்டு போவாள். ஜாஸ் என்றால் தலைவலி என்றவள் நடைபாதையில் குந்தி உட்கார்ந்து உறை உறையாகத் தள்ளிப் பார்ப்பாள். போன வாரம் நான் ஒன்றை எடுத்தேன். அந்தக் காலத்தில் அவர் எங்களுக்கு அடிக்கடி வைப்பார், நல்ல உற்சாகமான வாசிப்பு.

"அது வேணாம்" என்றாள் மல்லிகா, நிமிர்ந்துகூடப் பார்க்காமல். "டிரம்ஸ் இருக்கு. அவருக்குப் புடிக்காது."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"போட்டுத்தான் பாருங்களேன்."

வீம்புக்கு வாங்கினேன். இன்று மதியம் வைத்தேன். மல்லிகா காபியைக் குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவ சமையலறைக்குப் போனாள். நான் பிளேயர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். இப்போதெல்லாம் நானும் உட்காருவதில்லை. முதல் பக்கம் முடிந்து திரும்பினேன். என் டீ ஆறி ஆடை படிந்து அலமாரி மேல் நான் வைத்த இடத்தில் இருந்தது. ஸ்டூலின் மேல் இருந்த கப் காலி. அடியில் கொஞ்சம் சர்க்கரை ஒட்டிக்கொண்டிருந்தது.

சமையலறையில் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. மல்லிகா டீயைத் தொடமாட்டாள், வாசனையே ஆகாது.

ஊசியை எடுத்தேன். ரெக்கார்டை உறையில் போட்டேன். "சரி, வேற என்ன வைக்கட்டும்?" என்று கேட்டேன், சமையலறைப் பக்கம் திரும்பாமல்.